அப்டேட் பாதியில் நின்ற கமரா: மீட்பதா, அனுப்புவதா, புதிது வாங்குவதா?

ஃபர்ம்வேர், அதாவது கமராவை இயக்கும் உள் மென்பொருள், அப்டேட் ஆகும்போது பாதியில் நின்று எழும்பாமல் கிடக்கும் ஐ.பி. கமராவை (வலையமைப்பில் இணையும் காவல் கமரா) என்ன செய்வது என்று கேட்டால், ஆளுக்கொரு வழி சொல்வார்கள். ரீசெட் பொத்தானை அழுத்து என்பார் ஒருவர். வலையமைப்பு வழியாக ஃபர்ம்வேரைத் திரும்ப ஏற்று என்பார் இன்னொருவர். மெமரி காட்டில் போடு, திறந்து சீரியல் வயர் கொடு, சிப்பையே எழுது, வாங்கிய கடைக்கு அனுப்பு, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கு என்று பட்டியல் நீளும். இவை எல்லாமே யாரோ ஒருவருக்கு வேலை செய்த வழிகள்தான். உங்கள் கமராவுக்கு எது சரி என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்று: இந்த வழி பிழையாய்ப்போனால், இப்போது கமராவில் உயிரோடு இருப்பதில் எதை இழப்பேன்? குறைய இழக்கும் வழி முதலில், கூட இழக்கும் வழி கடைசியில். எளிதா கடினமா என்பதெல்லாம் அதற்குப் பிறகு வரும் கேள்வி.

திருகோணமலையில் இருப்பவர்களுக்கு இந்த வரிசை இன்னும் முக்கியம். இங்கே பாவனையில் இருக்கும் கமராக்களில் நிறைய, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலோ பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலோ வாங்கி வந்தவை. இல்லாவிட்டால் வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் கொண்டுவந்து கொடுத்தவை. கொழும்புக்குப் போக ஏறத்தாழ 260 கிலோமீற்றர். இரவு ரயிலில் போனாலும் சரி, ஹபரணை, தம்புள்ளை வழியாக பஸ்ஸில் போனாலும் சரி, ஒரு கமராவுக்காக வேலை நாள் ஒன்று போய்விடும். கூரியரில் அனுப்பினால் அது திரும்பி வரும்வரை அந்த மூலையில் காவல் இல்லை. ஆகவே நாமே முயன்று பார்க்க நியாயமான காரணம் இருக்கிறது. அவசரத்தில் வரிசை மாறிக் கைவைத்து, காப்பாற்றக்கூடிய கமராவை முழுதாகக் கொன்றுவிடும் ஆபத்தும் அதே காரணத்தால் இங்கே கூட.

எது போனது, எது இருக்கிறது

கமராவுக்குள் ஒரு சிறிய ஃபிளாஷ் சிப் இருக்கிறது. 8 அல்லது 16 மெகாபைட் கொண்டவை மிகப் பரவலானவை. அதன் தொடக்கத்தில் பூட்லோடர். கரண்ட் வந்ததும் முதலில் எழும்பும் சின்ன நிரல் அது. அதற்கு அடுத்து கேர்னல் என்ற இயங்குதளத்தின் மையப்பகுதி, அதற்கு மேல் கமராவின் முழு மென்பொருள், கடைசியில் நீங்கள் போட்ட கடவுச்சொல், ஐ.பி. முகவரி போன்ற அமைப்புகள். இவை தவிர, அந்தக் கமராவுக்கே உரிய தொடர் இலக்கமும், வலையமைப்பில் அதை அடையாளம் காட்டும் மேக் முகவரியும், பல வைஃபை கமராக்களில் கிளவுட் சேவையோடு இணைக்கும் இரகசியச் சாவியும் அதே சிப்பின் ஒரு மூலையில் எழுதப்பட்டிருக்கும்.

அப்டேட் நடக்கும்போது பெரும்பாலும் கேர்னலும் மேலே உள்ள மென்பொருளும் மட்டும்தான் அழித்து எழுதப்படும். பூட்லோடரைத் தொடமாட்டார்கள். அதனால், பாதியில் கரண்ட் போன கமராக்களில் பெரும்பாலானவை அத்திவாரம் நிற்க மேல்மாடி மட்டும் இடிந்த வீடுகள். அத்திவாரத்தை வைத்து மேலே திரும்பக் கட்டலாம். ஆனால் கமராவின் தனிப்பட்ட சாவியும் இலக்கமும் அழிந்தால் அவற்றைத் தரவிறக்க எந்த இணையத்தளத்திலும் இடமில்லை. என் வரிசை இந்த உண்மையிலிருந்துதான் வருகிறது.

சில தயாரிப்பாளர்கள் இந்தச் சிக்கலே வராதபடி செய்திருக்கிறார்கள். அக்சிஸ் கமராக்களில் அப்டேட் தோற்றால் பழைய ஃபர்ம்வேரையே திரும்ப எழுப்பிக்கொள்ளும். நம்மூர்க் கடைகளில் கிடைக்கும் விலை குறைந்த கமராக்கள் எல்லாவற்றிலும் அந்தப் பாதுகாப்பை எதிர்பார்க்க முடியாது.

எந்த வழியையும் தொடுவதற்கு முன் பொறுத்திருங்கள். திரையில் சதவீதம் நின்றுவிட்டது என்பதற்காக அப்டேட் நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை. பிரவுசர்தான் தொடர்பை இழந்திருக்கும், கமரா உள்ளே எழுதிக்கொண்டே இருக்கும். குறைந்தது அரை மணி நேரம் கை வைக்காமல் விடுங்கள். அந்த நேரத்தில் வயரைப் பிடுங்கியதால் செத்த கமராக்கள்தான் கூட என்பது என் எண்ணம்.

அடுத்தது கரண்ட். இதைப் பலர் பார்ப்பதே இல்லை. அப்டேட் முடிந்ததும் கமரா தன்னைத்தானே ஒருமுறை அணைத்து எழுப்பும். மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்த கமராவுக்கு அதுவே பல வேளை முதல் ரீஸ்டார்ட். களைத்துப்போன அடப்டரும் துருப்பிடித்த இணைப்பும் ஓடிக்கொண்டிருக்கும்போது தாக்குப்பிடிக்கும், புதிதாக எழும்பும்போது கைவிடும். நிலாவெளி, உப்புவெளிக் கரையில் உப்புக்காற்று எந்த இணைப்பையும் விட்டுவைப்பதில்லை. பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், பச்சை படிந்திருந்தால் முதல் சந்தேகம் அதன்மேல்தான் விழ வேண்டும்.

வயரின் நீளத்தையும் கணக்கில் எடுங்கள். நெட்வேர்க் கேபிளின் ஒரு சோடிக் கம்பியில் 12 வோல்ட்டை 30 மீற்றர் இழுத்தால் போக வர ஏறத்தாழ 5 ஓம் தடை. கமரா அரை அம்பியர் எடுத்தால் 2.5 வோல்ட் வழியிலேயே போய்விடும். இரவில் அகச்சிவப்பு விளக்கு எரியும்போது கமரா எடுக்கும் மின்னோட்டம் இன்னும் கூடும். அது எழும்பி, விளக்கு எரிந்து, வோல்ட் விழுந்து, அணைந்து, திரும்ப எழும்பும். பார்ப்பவருக்கு ஃபர்ம்வேர் கெட்டதுபோலவே இருக்கும். ஆகவே கமராவைச் சுவரிலிருந்து கழற்றி மேசைக்குக் கொண்டுவந்து, நல்ல அடப்டரும் குட்டை வயரும் கொடுத்துப் பாருங்கள். பி.ஓ.ஈ. கமராவானால் (நெட்வேர்க் கேபிளிலேயே கரண்ட் எடுப்பது) நன்றாக வேலை செய்யும் இன்னொரு கமராவின் போர்ட்டில் செருகிப் பாருங்கள்.

மேசையில் வைத்துக் காது கொடுங்கள். கரண்ட் கொடுத்துச் சில பத்து விநாடிகளில் லென்ஸ் பக்கத்தில் 'டிக்' என்று கேட்டால், இரவு பகல் வடிகட்டி நகர்கிறது, மேல்மாடி மென்பொருள் எழும்பிவிட்டது. உங்கள் சிக்கல் ஐ.பி. முகவரியிலோ கடவுச்சொல்லிலோ இருக்கலாம். 'டிக்' இல்லை, ஆனால் சுவிட்சில் அந்தப் போர்ட்டின் விளக்கு எரிந்து அணைந்து எரிகிறது என்றால் பூட்லோடர் உயிரோடு இருக்க நல்ல வாய்ப்பு. ஒன்றுமே இல்லை, கமரா சூடாகவும் இல்லை என்றால் கரண்ட் பக்கமே போயிருக்கலாம். அதற்கு எந்த ஃபர்ம்வேரும் மருந்தல்ல.

ரீசெட்

இதில் சொல்ல அதிகம் இல்லை. ரீசெட் பொத்தான் பெரும்பாலான கமராக்களில் அமைப்புகளை மட்டும் அழிக்கும், கெட்ட ஃபர்ம்வேரைத் திருத்தாது. 'டிக்' கேட்கிறது, கமரா கிடைக்கவில்லை என்றால் பயன்படும். பல மாடல்களில் பொத்தானை அழுத்தியபடியே கரண்ட் கொடுத்துச் சில விநாடிகள் பிடித்திருக்க வேண்டும். இழப்பு, நீங்கள் போட்ட அமைப்புகள் மட்டும். அதனால் முதலில் செய்வதில் தவறில்லை. ஆனால் அது பலிக்கவில்லை என்பதற்காகக் கமரா செத்துவிட்டது என்று முடிவெடுக்கக் கூடாது.

வலையமைப்பு வழி மீட்பு: நான் முதலிடம் கொடுப்பது

பூட்லோடர் எழும்பும் சில விநாடிகளில், பல கமராக்கள் ஒரு குறிப்பிட்ட முகவரியில் யாராவது ஃபர்ம்வேர் வைத்திருக்கிறார்களா என்று கேட்கும். அந்த முகவரியில் உங்கள் லப்டொப் உட்கார்ந்து சரியான கோப்பைக் கொடுத்தால், கமரா தானாகவே எடுத்து எழுதிக்கொள்ளும். டி.எஃப்.டி.பி. என்பது இதற்குப் பயன்படும் எளிய முறை. கமராவைத் திறக்க வேண்டாம், சூட்டுக்கோல் வேண்டாம், உத்தரவாத ஸ்டிக்கர் கிழியாது. பூட்லோடரையும் தனிப்பட்ட சாவியையும் பெரும்பாலும் தொடாது. ஒரு லப்டொப்பும் ஒரு சின்ன சுவிட்சும் போதும். இத்தனை நன்மையும் சேர்ந்த வேறு வழி கிடையாது.

நம்மூரில் அதிகம் காணும் ஹிக்விஷன் கமராக்களில் கமரா 192.0.0.64 என்ற முகவரியில் எழும்பும், 192.0.0.128 என்ற முகவரியில் கோப்பைத் தேடும். ஆகவே லப்டொப்பின் வயர் இணைப்புக்கு 192.0.0.128 என்று கைப்படக் கொடுத்து, சப்நெட்டை 255.255.255.0 என்று வைக்க வேண்டும். தயாரிப்பாளரின் டி.எஃப்.டி.பி. மென்பொருள் இருக்கும் அதே ஃபோல்டரில் 'டிஜிகேப்' என்ற ஃபர்ம்வேர் கோப்பு இருக்க வேண்டும், பெயரை மாற்றக் கூடாது. மென்பொருளை ஓடவிட்டு, அப்புறம் கமராவுக்குக் கரண்ட் கொடுத்தால், கோப்பு போவது திரையில் தெரியும்.

இது எளிதாகத் தெரிந்தாலும் பலருக்கு முதல் முறை வேலை செய்யாது, காரணங்கள் எல்லாம் சின்னச் சின்னவை. லப்டொப்பையும் கமராவையும் ஒரே வயரால் நேரடியாக இணைத்தால், கமரா அணைந்து எழும்பும்போது லப்டொப்பின் போர்ட்டும் விழுந்து எழும்பும். அது தயாராவதற்குள் கமரா கேட்டு முடித்துவிடும். நடுவில் சுவிட்ச் இருந்தால் லப்டொப்பின் இணைப்பு விழாது. சுவிட்ச் இல்லையா, வீட்டு ஃபைபர் ரவுட்டரின் இரண்டு லான் போர்ட்டுகளைப் பயன்படுத்துங்கள், அவையும் சுவிட்ச்தான். லப்டொப்பின் வைஃபையை நிறுத்திவிடுங்கள். வின்டோஸ் ஃபயர்வோல் இந்தக் கோரிக்கையைத் தடுக்கும், அந்தக் கொஞ்ச நேரத்துக்கு அதை அணைத்துவிட்டு முடிந்ததும் மறக்காமல் போடுங்கள். மென்பொருள் இருக்கும் ஃபோல்டருக்குத் தமிழ்ப் பெயரோ நீளமான பாதையோ இருந்தாலும் சிக்கும், சி டிரைவில் சின்னப் பெயரில் ஒரு ஃபோல்டர் போதும். கமரா, காட்சிகளைப் பதியும் என்.வி.ஆர். பெட்டியின் பின்னால் உள்ள பி.ஓ.ஈ. போர்ட்டில் இருந்தால் அங்கிருந்து கழற்றுங்கள்; அந்தப் போர்ட்டுகள் வேறொரு உள் வலையமைப்பில் இருப்பதால் உங்கள் லப்டொப் அதைக் காணாது.

கோப்பு போய் முடிந்த பிறகும் கமரா உள்ளே எழுதிக்கொண்டிருக்கும். சில நிமிடம் கைவைக்க வேண்டாம். எழுதி முடிந்ததும் டி.எஃப்.டி.பி. மென்பொருளை மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த ரீஸ்டார்ட்டில் கமரா மறுபடி முதலிலிருந்து எழுதத் தொடங்கும். பிறகு, வலையமைப்பில் உள்ள ஹிக்விஷன் கமராக்களைத் தேடிக் காட்டும் எஸ்.ஏ.டி.பி. மென்பொருளில் கமரா புதியதுபோலத் தெரியும், கடவுச்சொல் வைத்து ஓட்டலாம்.

டாஹுவாவிலும் டி.எஃப்.டி.பி. உண்டு, ஆனால் பாதை கரடுமுரடானது. கமராவின் வழக்கமான முகவரி 192.168.1.108. அது தேடும் முகவரி மாடலைப் பொறுத்து மாறும், 192.168.1.1, 192.168.254.254 இரண்டையும் பார்க்கலாம். பெரிய ஃபர்ம்வேர் கோப்பைப் பிரித்து உள்ளே இருக்கும் துண்டுகளைக் கொடுக்க வேண்டியும் வரும். பெயர் தெரியாத கமராக்களுக்கு, அல்லது எந்த முகவரியைத் தேடுகிறது என்று குழப்பமாக இருந்தால், லப்டொப்பில் வலையமைப்பில் ஓடும் தகவல்களைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளை ஓடவிட்டுக் கமராவுக்குக் கரண்ட் கொடுங்கள். முதல் சில விநாடிகளில் கமரா யாரைத் தேடுகிறது என்பது எழுத்தில் வந்துவிடும். வந்தால் அந்த முகவரியை லப்டொப்புக்குக் கொடுங்கள். ஒன்றும் வராவிட்டால், அந்தப் பூட்லோடர் வலையமைப்பைக் கேட்கும் வகையல்ல. ஊகத்தில் மணிக்கணக்கை வீணாக்காமல் இருக்க இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

இந்த வழியில் உண்மையான ஆபத்து கோப்பில்தான் இருக்கிறது. பெட்டியில் ஒரே மாடல் பெயர் இருக்கும், உள்ளே சர்க்கிட் போர்ட் வேறாக இருக்கும். ஹிக்விஷன் ஃபர்ம்வேர்கள் ஆர்0, ஆர்6, ஜி3 என்று தளத்தின் பெயரில் பிரிக்கப்பட்டிருப்பது அதனால்தான். அதைவிடப் பெரிய சிக்கல், சீன உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த கமராவை ஆங்கில மெனு போட்டு வெளிநாட்டில் விற்பது. அதில் சர்வதேச ஃபர்ம்வேரை ஏற்றினால் 'மொழி பொருந்தவில்லை' என்று எழும்ப மறுக்கும். அப்டேட் தோற்றதற்கே இதுதான் காரணமாக இருந்தால், அதே கோப்பைத் திரும்பத் திரும்ப டி.எஃப்.டி.பி. வழியாக ஏற்றிப் பயனில்லை. எஸ்.ஏ.டி.பி. திரையில் தொடர் இலக்கத்தையும் ஃபர்ம்வேர் பதிப்பையும் பாருங்கள். பக்கத்தில் ஓடும் அதே தொகுதிக் கமராவின் பதிப்பை எழுதி வைத்து, அதே பதிப்பைத் தேடுங்கள். கோப்பைத் தயாரிப்பாளரின் இணையத்தளத்திலிருந்தே எடுங்கள். யாரோ பகிர்ந்த டிரைவ் இணைப்பிலிருந்து எடுத்த ஃபர்ம்வேரை உங்கள் வீட்டைப் பார்க்கும் கண்ணுக்குள் ஏற்ற வேண்டாம்.

மெமரி காட்

வைஃபை கமராக்களில் வயர் போர்ட்டே இல்லாதவை பல. அவற்றுக்குத் தயாரிப்பாளர் கொடுத்திருந்தால் மெமரி காட்தான் வழி. கனடா, அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் வைஸ் கமராக்கள் இதற்கு நல்ல உதாரணம். 32 ஜிபி அல்லது அதற்குக் குறைந்த காட்டை எஃப்.ஏ.டி.32 முறையில் ஃபோர்மட் செய்து, அந்த மாடலுக்குச் சொன்ன பெயரில் ஃபர்ம்வேர் கோப்பை வைத்து, பொத்தானை அழுத்தியபடி கரண்ட் கொடுத்தால் கமரா காட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும். எளிமையில் இதை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் கமராவே காட்டைத் தேடும்படி செய்யப்பட்டிருக்க வேண்டும். தயாரிப்பாளர் அப்படிச் சொல்லாத கமராவில் வேறு மாடலின் கோப்பைப் பெயர் மாற்றிப் போட்டுப் பார்ப்பது பரிசோதனை அல்ல, பந்தயம். கோப்பு சரியாக இருந்தும் கமரா அசையாவிட்டால், பழைய, கொள்ளளவு குறைந்த இன்னொரு காட்டைப் போட்டுப் பாருங்கள். பூட்லோடர்களுக்குப் புதிய பெரிய காட்டுகள் பல நேரம் ஒத்துவராது.

திறந்து செய்வது

இங்கிருந்து கோடு தாண்டுகிறோம். கமராவைத் திறந்தால் உத்தரவாதம் போகும். வெளியே பொருத்தும் கமராவில் ரப்பர் வளையத்தைச் சரியாகத் திரும்ப வைக்காவிட்டால் அடுத்த வடகீழ்ப் பருவமழையில் தண்ணீர் புகும். பழுது திருத்திய கமரா கார்த்திகையில் பனிப்புகைபோல் மங்கிக் கிடப்பது இதனால்தான்.

சீரியல் வழி என்பது, சர்க்கிட் போர்டில் இருக்கும் மூன்று புள்ளிகளில் யூ.எஸ்.பி. சீரியல் அடப்டரை இணைத்து, பூட்லோடரோடு நேரடியாகப் பேசுவது. கிரவுண்ட், அனுப்பும் வயர், பெறும் வயர் மூன்றும் போதும். மின்சார வயரைத் தொடுக்கக் கூடாது. அடப்டர் 3.3 வோல்ட்டில் இருக்க வேண்டும், 5 வோல்ட் கொடுத்தால் சிப் போகும். சீரியல் வழி வருவதைத் திரையில் காட்டும் புட்டி மென்பொருளில் வேகம் பெரும்பாலும் 115200. கமரா எழும்பும்போது சொல்வதெல்லாம் திரையில் ஓடும். திருத்தாவிட்டாலும் நோயை அறிய இதைப்போல ஒன்றில்லை. எந்த இடத்தில் நிற்கிறது என்று எழுத்தில் சொல்லிவிடும். ஹிக்விஷனில் தொடக்கத்தில் கண்ட்ரோலும் யூவும் அழுத்தினால் பூட்லோடர் நிற்கும், வேறு பலவற்றில் ஏதாவது ஒரு விசை போதும். புதிய மாடல்கள் சிலவற்றில் இந்த வாசல் பூட்டப்பட்டிருக்கும்.

ஆனால் இங்கே நீங்கள் எழுதும் ஒவ்வொரு கட்டளைக்கும் நீங்களே பொறுப்பு. ஃபிளாஷை அழிக்கும் கட்டளையில் முகவரியைச் சுழி என்று போட்டால் போவது பூட்லோடர், அதாவது இவ்வளவு நேரம் நம்மைக் காத்து நின்ற ஒன்று. ஆகவே எழுதுவதற்கு முன் முழுச் சிப்பையும் படித்து ஒரு கோப்பாக எடுத்து வையுங்கள். அது முடியாவிட்டால் எழுதவும் வேண்டாம். ஹைசிலிக்கன் சிப் உள்ள கமராக்களில் பூட்லோடர் போனாலும் சிப்பின் உள்ளே நிரந்தரமாக எழுதப்பட்ட நிரலைச் சீரியல் வழியே எழுப்பி, புதிய பூட்லோடரைக் கொடுக்கும் வசதி உண்டு. அது கடைசிக் கயிறு. அதை நம்பி அலட்சியம் வேண்டாம்.

அதற்கும் அப்பால் இருப்பது சி.எச்.341ஏ போன்ற புரோகிராமர். எட்டுக் கால் ஃபிளாஷ் சிப்பில் கிளிப் மாட்டி நேரடியாக எழுதுவது. இந்தப் புரோகிராமரின் கறுப்புநிற மலிவு வகையில் டேட்டா வயர்களில் 5 வோல்ட் வருவது அறியப்பட்ட குறை, 3.3 வோல்ட் சிப்புக்கு அது நல்லதல்ல. 1.8 வோல்ட் சிப்புகளும் இருக்கின்றன, அவற்றுக்குத் தனி அடப்டர் வேண்டும். சிப்பின் மேல் எழுதிய இலக்கத்தைப் படிக்காமல் கிளிப் மாட்ட வேண்டாம். இரண்டு முறை படித்து, இரண்டு கோப்பும் ஒன்றா என்று ஒப்பிட்ட பிறகே எழுத வேண்டும்.

இதில் பலர் செய்யும் காரியம் ஒன்று எனக்குக் கவலை தருவது. அதே மாடல் நல்ல கமராவின் சிப்பைப் படித்து, அப்படியே கெட்டதில் எழுதிவிடுவார்கள். கமரா எழும்பும். ஆனால் இரண்டுக்கும் ஒரே மேக் முகவரி, ஒரே தொடர் இலக்கம். ஒரே வலையமைப்பில் இரண்டும் சண்டை பிடிக்கும், கிளவுட் செயலியில் இரண்டாவது சேராது அல்லது முதலாவதைத் தள்ளிவிடும். கெட்ட கமராவின் சொந்தக் கோப்பை முதலில் எடுத்து, அதிலிருந்து அந்தத் தனிப்பட்ட பகுதியை மட்டும் மாற்றாமல் வைத்து, மற்றதை நல்லதிலிருந்து நிரப்பத் தெரிந்தவர் செய்தால் மட்டுமே இது உண்மையான மீட்பு.

ஓப்பன்ஐ.பி.சி. என்ற திறந்தமூல ஃபர்ம்வேரையும் இங்கே சொல்ல வேண்டும். ஹைசிலிக்கன், கோக், இன்ஜெனிக் சிப் கொண்ட பல பெயரில்லாக் கமராக்களுக்கு அது புது வாழ்வு கொடுக்கும், தயாரிப்பாளர் கைவிட்ட பிறகும் திருத்தங்கள் வரும். பதிலாகத் தயாரிப்பாளரின் கைபேசிச் செயலி போய்விடும். என்.வி.ஆரோடு ஓட்டுபவருக்கு அது பெரிய நட்டமில்லை, கைபேசியில் மட்டும் பார்ப்பவருக்குக் கமராவே போனதற்குச் சமம்.

அனுப்புவதும் வாங்குவதும்

உத்தரவாதம் இருந்தால் ரீசெட்டும் டி.எஃப்.டி.பி. அல்லது மெமரி காட்டும் வரை மட்டும் போய், அதோடு நிறுத்தி அனுப்புங்கள். திறந்த பிறகு அனுப்புவது வீண் செலவு. அனுப்பும் முன் கமராவிலிருக்கும் மெமரி காட்டைக் கழற்றி வீட்டில் வையுங்கள். உங்கள் வீட்டு வாசலில் யார் எப்போது வந்து போகிறார்கள் என்பது முழுவதும் அதில் இருக்கிறது. கடையில் கொடுக்கும்போது 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் சொல்லாமல், எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்புக்குப் போனது, எங்கே நின்றது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

புதிது வாங்குவதை நான் தோல்வியாக நினைப்பதில்லை. உவர்மலையிலோ பாலையூற்றிலோ வயதான தாய் தனியாக இருக்கிறார், பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து ஒரே வைஃபை கமராவில் அவரைப் பார்க்கிறார்கள் என்றால், அன்றைக்கே மத்திய வீதியிலோ பக்கத்திலோ கிடைக்கும் கமரா ஒன்றை வாங்கி மாட்டுங்கள். பழையதை ஆறுதலாகத் திருத்தலாம். 'அம்மா விழுந்தாவோ தெரியேல்லை, போனும் எடுக்கிறா இல்லை' என்று ஒரு மகள் இரவு முழுக்கத் தவிப்பதற்கு எந்தக் கமரா விலையும் ஈடில்லை. பக்கத்து வீட்டுத் தம்பி மூன்று நாள் செலவழித்துச் சீரியல் வயர் சூடு வைக்கும் வரை அவரைக் காத்திருக்க வைக்கக் கூடாது.

விடுதியிலோ கடையிலோ ஒரே மாடலில் எட்டு, பத்துக் கமரா என்றால் நியாயம் மாறும். சரியான ஃபர்ம்வேர் கோப்பும் முகவரியும் ஒருமுறை கையில் வந்தால், அடுத்த கமரா நின்றாலும் அதே வழிதான். அங்கே டி.எஃப்.டி.பி. கற்றுக்கொள்வதற்கு ஒரு பின்னேரத்தைச் செலவிடுவது நிச்சயம் பெறுமதியானது. சித்திரையிலிருந்து புரட்டாதி வரை ஆட்கள் வரும் காலத்தில் மட்டும், மாற்றுக் கமரா ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். சீரியல், புரோகிராமர் வேலையை, எப்படியும் கைவிடப் போகும் கமராவில் மட்டுமே செய்யுங்கள் என்பேன். விலை கூடிய, சுழலும் பி.டி.இசட். கமராவானால், நன்றாகத் தெரிந்தவரிடம் கொடுப்பதற்கான காசு நியாயமானது.

ஒன்றை மட்டும் முடிவாக எடுத்துவிட வேண்டாம்: 'இனி அப்டேட்டே போடமாட்டேன்.' 2021 செப்டெம்பரில் வெளிவந்த ஹிக்விஷன் ஓட்டை, கடவுச்சொல் ஏதுமின்றிக் கமராவுக்குள் கட்டளை ஓட்ட விட்டது. அதன் தீவிரத்துக்குக் கொடுக்கப்பட்ட புள்ளி 10க்கு 9.8. 2016 ஒக்டோபர் 21 அன்று அமெரிக்காவின் பெரிய இணையத்தளங்கள் பல முடங்கியதற்குக் காரணமான, மிராய் என்ற தீநிரலின் தாக்குதலில் பயன்பட்டவை, இப்படிக் கவனிக்காமல் விட்ட கமராக்களும் பதிவுப் பெட்டிகளும் ரவுட்டர்களும்தான். அப்டேட் தேவை. கரண்டை நம்பி அப்டேட் போடுவதுதான் தேவையில்லை. 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லாமல் இருந்த நாடு இது. 2025 பெப்ரவரி 9 அன்று முன்னறிவிப்பே இல்லாமல் நாடு முழுவதும் அணைந்தது. கமராவும் சுவிட்சும் லப்டொப்பும் ஒரே யூ.பி.எஸ்ஸில் இருக்கட்டும். இடி மின்னல் கூடும் சித்திரை, ஐப்பசிப் பின்னேரங்களைத் தவிர்த்துக் காலையில் செய்யுங்கள். வைஃபையில் அல்ல, வயரில் செய்யுங்கள். எட்டுக் கமரா இருந்தால் ஒன்றுக்குப் போட்டு, சில நாள் ஓடவிட்டு, பிறகு மற்றவற்றுக்குப் போடுங்கள். தொடங்கும் முன், இப்போது ஓடும் பதிப்பின் ஃபர்ம்வேர் கோப்பையும் டி.எஃப்.டி.பி. மென்பொருளையும் ஒரு பென் டிரைவில் போட்டு, கமரா மாடலையும் முகவரியையும் ஒட்டி, என்.வி.ஆர். பெட்டிக்குப் பக்கத்தில் வையுங்கள்.